ஐம்பது நிமிடக் கட்டுரையும் ஒரு மேல்முறையீடும்

தமிழ்நாட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு, டெக்சாஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போனேன். கணக்கு, இயற்பியல் பாடங்களையெல்லாம் பேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். ஆங்கிலத்தில்தான் சிக்கல் வந்தது.

டெக்சாஸில் அரசு நடத்தும் கல்லூரி எதுவானாலும் பட்டம் வாங்க 42 கிரெடிட் பொதுப்பாடம் படித்தாக வேண்டும். அதில் 6 கிரெடிட் தொடர்பியலுக்கு. பெரும்பாலும் அது 1301, 1302 என்ற எண் போட்ட இரண்டு எழுத்துப் பாடங்கள், அதாவது ஆங்கிலத்தில் கட்டுரை எழுதக் கற்றுத்தரும் வகுப்புகள். ஊரில் கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ், டெக்னிக்கல் இங்கிலீஷ் என்று இரண்டு பேப்பர் நல்ல மதிப்பெண்ணோடு தேறியிருந்ததால், இது முடிந்த கதை என்றே நினைத்திருந்தேன்.

வந்த கடிதத்தில் இரண்டு முடிவுகள் இருந்தன. ஆங்கிலம் முதன்மை மொழியாக இல்லாத நாட்டில் படித்த எழுத்துப் பாடத்தைக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்பது ஒன்று. அறிமுக வாரத்தில் நான் 50 நிமிடத்தில் எழுதிய கட்டுரையை வைத்து, 1301-க்கும் முந்தைய ஒரு வகுப்பில் என்னைப் போட்டிருக்கிறார்கள் என்பது இன்னொன்று. அந்த வகுப்பு ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கொண்டவர்களுக்கானது. 3 கிரெடிட்டுக்கு முழுக் கட்டணம் உண்டு, ஆனால் பட்டத்துக்குச் சேராது.

அந்தக் கட்டுரையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். முதலாண்டு மாணவர்கள் விடுதியில்தான் தங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தலாமா என்பது கேள்வி. பள்ளியில் பழகியபடி முதலில் குறிப்புச் சட்டகம் போட்டேன். முன்னுரையில் ‘கற்க கசடற’ குறளின் பொருளை ஆங்கிலத்தில் எழுதினேன். நன்மைகள், தீமைகள் என்று உள்தலைப்பு கொடுத்து, ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டேன். முடிவுரையில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு என்று முடித்தேன். பத்தாம் வகுப்பில் இப்படி எழுதினால் ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டு மதிப்பெண் போடுவார்.

திருத்திய தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நிலைப்பாடு இல்லை, ஆதாரம் இல்லை, தலைப்புகள் தேவையில்லை என்று எழுதியிருந்தார்கள். மொழிப்பிழை என்று சுழித்திருந்தது இரண்டே இடத்தில்தான். என் ஆங்கிலத்தில் அவர்களுக்குப் பெரிய குறை தெரியவில்லை. நான் படித்து வந்த கட்டுரை அமைப்பு அவர்களுடையது இல்லை, அவ்வளவுதான். அதை மொழிக் குறை என்று பதிவு செய்தது தவறு. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

முதலில் கோபத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். எல்.கே.ஜி.யிலிருந்து ஆங்கில வழியில் படித்தவன் என்றெல்லாம் எழுதினேன். மேல்முறையீடு செய்தாலொழிய முடிவு மாறாது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அங்கே முதுகலை படித்துக்கொண்டிருந்த ஒரு சீனியர் அண்ணாவிடம் புலம்பினேன். “தம்பி, எனக்கு இங்கிலீஷ் தெரியும்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. நீ எழுதினதைக் கொண்டுபோய்க் காட்டு” என்றார்.

நேரம் அதிகம் இல்லை. டெக்சாஸில் செமஸ்டரின் 12-ஆவது வகுப்பு நாளில் யார் எந்தப் பாடத்தில் இருக்கிறார்கள் என்ற கணக்கை மூடிவிடுவார்கள். எனக்கு எட்டு நாள்தான் மிச்சம்.

பழைய கல்லூரியிலிருந்து முத்திரை போட்ட சிலபஸ் தேவைப்பட்டது. அப்பா பஸ் பிடித்துப் போனார். துறைத்தலைவர் விடுப்பு, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். மறுநாள் பதினோரு பக்கத்திலும் வட்டமுத்திரை வாங்கி, ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து அனுப்பினார். ஒரு பக்கத்தில் முத்திரை எழுத்தின் மேலேயே விழுந்து படிக்க முடியாமல் போயிருந்தது. அந்த ஒரு பக்கத்துக்காக மூன்றாம் நாளும் போனார்.

அதை 1301 பாடத்திட்டத்தோடு பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் உண்மை புரிந்தது. ஊரில் செய்முறைக் குறிப்பு, சரிபார்ப்புப் பட்டியல், வேலை விண்ணப்பக் கடிதம் என்று படித்தோம். எல்லாம் தேர்வு அறையில் ஒரே தடவை எழுதுபவை. இங்கே ஒரே கட்டுரையை மூன்று வரைவு எழுதி, சக மாணவர்கள் படித்துச் சொன்னதைக் கேட்டுத் திருத்த வேண்டும். இரண்டும் ஒன்று என்று என்னால் நேர்மையாக வாதாட முடியவில்லை. அதனால் கிரெடிட் கேட்பதை விட்டுவிட்டு, 1301-இல் நேரடியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்க முடிவு செய்தேன். அப்பாவிடம் இதைச் சொல்லத்தான் சங்கடமாக இருந்தது. “சரிப்பா, இருக்கட்டும். அந்தப் பேப்பரைப் பத்திரமா வச்சுக்கோ” என்றார்.

எனக்குக் கைகொடுத்தது எழுத்து உதவி மையத்தில் இருந்த ஒருவர் காட்டிய ஆவணம். அமெரிக்கக் கல்லூரி எழுத்து ஆசிரியர்களின் சி.சி.சி.சி. என்ற அமைப்பு 2001-இல் வெளியிட்ட அறிக்கை அது. மாணவரின் தாய்மொழியையோ நாட்டையோ பார்த்து வகுப்பில் போடாதீர்கள், எழுத்துத் திறனைப் பாருங்கள், அதற்கும் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்து மாதிரிகளைப் பாருங்கள் என்கிறது. என் ஒரு பக்கக் கடிதத்தில் அதைச் சுட்டினேன். கூடவே, மினி ப்ராஜெக்ட் அறிக்கையில் நானே தனியாக எழுதிய பகுதியையும், அதே விடுதிக் கேள்விக்குப் புதிதாக எழுதிய நான்கு பக்கக் கட்டுரையையும் அதன் இரண்டு வரைவுகளோடு வைத்தேன்.

எழுத்துப் பாடங்களின் இயக்குநர் இருபது நிமிடம் பேசினார். என் ஆங்கிலத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. முதல் வரைவில் இருந்த ஒரு பத்தியைக் காட்டி, இதை ஏன் எடுத்துவிட்டாய் என்று கேட்டார். அந்தப் பத்தி என் வாதத்துக்கு எதிராக இருந்தது, பதில் சொல்லத் தெரியாமல் எடுத்துவிட்டேன் என்றேன். அதைத் திரும்பச் சேர்த்துப் பதில் எழுதுவதுதான் 1301 என்றார். இரண்டு நாளில் வகுப்பை மாற்றிவிட்டார்கள்.

கட்டாய எழுத்துப் பாடம் வெளிநாட்டுக்காரர்களுக்காக வந்ததில்லை என்பதை 1301-இல்தான் தெரிந்துகொண்டேன். ஹார்வர்டு 1874-இல் நுழைவுத் தேர்வில் கட்டுரை எழுதச் சொன்னபோது, ஆங்கிலமே தாய்மொழியான பையன்களே திணறியிருக்கிறார்கள். அப்புறம் 1885-இல் அங்கே முதலாண்டு எழுத்து வகுப்பு வந்தது. அதில் எதைப் படிக்கவைப்பது என்ற சண்டையும் புதிதில்லை. டெக்சாஸிலேயே, ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1990-இல், பாகுபாட்டு வழக்குகளின் தீர்ப்புகளை வைத்து முதலாண்டு எழுத்துப் பாடத்தை அமைக்கப் போய், பேராசிரியர்களுக்குள் பெரிய தகராறாகி அந்தத் திட்டமே நின்றுபோனது.

1301, 1302 இரண்டையும் படித்து முடித்தேன். அந்த வகுப்புகள் எனக்குத் தேவைப்பட்டன என்று மனதாரச் சொல்வேன். ஆனால் என் அறையில் இருந்த நேபாள நண்பன் என்னைவிட நன்றாக எழுதுபவன். அவனையும் அதே முன்வகுப்பில்தான் போட்டிருந்தார்கள். விவரம் தெரிவதற்குள் 12-ஆவது நாள் கடந்துவிட்டது. ஒரு செமஸ்டர் முழுக்கக் கட்டணம் கட்டி அங்கே உட்கார்ந்தான்.

அந்தக் கடிதத்தில் மேல்முறையீடு என்ற சொல் இரண்டாம் பக்கத்தின் அடியில் இருக்கிறது. ஆகஸ்டில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திருப்பிக் காட்டுகிறேன்.