மோட்டார் டிரைவை நிகழ்நேர சிமுலேட்டரில் சோதித்த அனுபவம்: கோளாறு பெரும்பாலும் இணைப்பில்தான்

இந்தச் சோதனையில் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் போர்டு மட்டும் நிஜம். இன்வெர்ட்டர் (டிசியை மூன்று ஃபேஸ் ஏசியாக மாற்றும் சுவிட்ச் சுற்று), நிரந்தரக் காந்த மோட்டார், சுமை மூன்றும், அவற்றின் நடத்தையை நிஜ வேகத்திலேயே கணக்கிடும் சிமுலேட்டருக்குள். 400 வோல்ட் டிசி, 10 கிலோஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம் (சுவிட்சை வேகமாக ஆன்-ஆஃப் செய்து சராசரி மின்னழுத்தத்தை அமைக்கும் முறை) கொண்ட டிரைவை இப்படிச் சோதித்தோம். வந்த பிழைகளில் பெரும்பாலானவை கட்டுப்பாட்டு மென்பொருளில் இல்லை, போர்டும் சிமுலேட்டரும் சேரும் இடத்தில் இருந்தன.

10 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுற்று 100 மைக்ரோ நொடி. 50 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை கணக்கிடும் மாடல் ஒரு சுற்றில் இரண்டே முறைதான் எட்டிப்பார்க்கும், அது போதாது. எஃப்பிஜிஏவில் (வேண்டியபடி அமைத்துக்கொள்ளும் அதிவேகச் சிப்) 1 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை மாடலை ஓட்டினோம். அப்போதும் போர்டு சுவிட்சுகளுக்கு அனுப்பும் ஆன்-ஆஃப் கட்டளையான கேட் சிக்னலை அதே 1 மைக்ரோ நொடியில் படித்தால் 1 சதவீதம் வரை, அதாவது 4 வோல்ட் வரை பிழை வரும். குறைந்த வேகத்தில் மோட்டார் சுழலும்போது தானே உண்டாக்கும் பின்னெதிர் மின்னழுத்தமே சில வோல்ட்தான். எனவே கேட் சிக்னலை மட்டும் 10 நானோ நொடிக்கு ஒருமுறை படித்து, ஒரு படிக்குள் எவ்வளவு நேரம் ஆன் என்ற விகிதத்தை மாடலுக்குக் கொடுக்க வேண்டும். பிழை 0.04 வோல்ட்டுக்கு இறங்கிவிடும்.

இது சரியாக நடக்கிறதா என்று பார்க்க எளிய வழி டெட் டைம், அதாவது மேல், கீழ் சுவிட்ச் இரண்டும் ஒன்றாக ஆன் ஆகாமல் இருக்க விடும் சிறு இடைவெளி. 2 மைக்ரோ நொடி டெட் டைம் 8 வோல்ட்டைத் தின்னும். அதை ஈடுசெய்யும் மென்பொருள் பகுதியை அணைத்துவிட்டுக் குறைந்த வேகத்தில் ஓட்டினால் டி-கியூ மின்னோட்டத்தில் (மூன்று ஃபேஸ் மின்னோட்டத்தை ரோட்டரோடு சுழலும் இரண்டு அச்சுகளில் பார்ப்பது) ஆறாவது ஹார்மோனிக், அதாவது மின்சுழற்சி அதிர்வெண்ணின் ஆறு மடங்கு அலை, தெரிய வேண்டும். அலை வழவழவென்று இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், சிமுலேட்டர் டெட் டைமையே பார்க்கவில்லை.

மின்னோட்ட சிக்னலை 1.65 வோல்ட்டை நடுவாக வைத்து, ஆம்பியருக்கு 6 மில்லிவோல்ட் என்று அமைத்தோம். மாடல் ஏறாத சிமுலேட்டர் 0 வோல்ட் வெளியிட்டால் போர்டு அதை மைனஸ் 275 ஆம்பியர் என்று படித்து உடனே டிரிப் ஆகும். எனவே கிரவுண்டை இணைத்து, மாடலை ஓடவிட்டு, அதன் பிறகே போர்டுக்கு மின்சாரம். சிமுலேட்டரின் வெளியீடு 10 வோல்ட் வரை போகக்கூடியது, போர்டில் சிக்னலை எண்ணாக மாற்றும் 3.3 வோல்ட் ஏடிசி அதைத் தாங்காது. மென்பொருளில் வரம்பு வைத்தாலும் தொடர் மின்தடையும், மின்னழுத்தம் வரம்பை மீறாமல் பிடிக்கும் கிளாம்ப் டயோடும் கட்டாயம்.

மின்னோட்ட சிக்னலின் நடுப்புள்ளி வெறும் 10 மில்லிவோல்ட் விலகினால்கூட (ஆஃப்செட்) ஏறத்தாழ 1.7 ஆம்பியர் பொய். டி-கியூவில் அது மின்சுழற்சி அதிர்வெண்ணிலேயே அலையாக வரும். ஃபேஸ்களுக்கிடையே கெயின் (ஆம்பியருக்கு எத்தனை மில்லிவோல்ட் என்ற விகிதம்) வேறுபட்டால் அதன் இருமடங்கில் வரும். அலையின் அதிர்வெண்ணைப் பார்த்தாலே எதைத் திருத்துவது என்று தெரிந்துவிடும்.

ரோட்டரின் கோணத்தை அளக்கும் சென்சார் ரிசால்வர் என்றால், போர்டு அனுப்பும் 10 கிலோஹெர்ட்ஸ் கிளர்ச்சி சிக்னலை சிமுலேட்டர் உடனுக்குடன் கோணத்தின் சைன், கோசைனால் பெருக்கித் திருப்ப வேண்டும். 10 மைக்ரோ நொடி தாமதம் 36 டிகிரி ஃபேஸ் விலகல், வீச்சு 0.81 மடங்காகத் தெரிந்து ரிசால்வர் கோளாறு என்று போர்டு அறிவிக்கலாம்.

ஓட்டிய வரிசை: முதலில் நிலையான டியூட்டி (சுவிட்ச் ஆன் இருக்கும் நேர விகிதம்), அடுத்து மாடலில் ரோட்டரைப் பூட்டி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் லூப், பிறகு வேக லூப். வேக லூப்புக்குப் போகும் முன் மாடலில் ரோட்டரை நாமே குறித்த கோணங்களில் நிறுத்தி, போர்டு படிக்கும் கோணத்தோடு ஒப்பிடுங்கள். ரிசால்வரின் சைன், கோசைன் கம்பிகள் மாறியிருந்தால் இங்கேயே தெரியும்.

கோளாறுச் சோதனையில் ஃபேஸ் துண்டிப்பும் சென்சார் கம்பி அறுபடுவதும் எளிது. கவனம் தேவைப்படுவது அதிவேகத்தில் எல்லா கேட்டையும் அணைக்கும் சோதனை. இரண்டு ஃபேஸ்களுக்கிடையேயான (லைன்) பின்னெதிர் மின்னழுத்தத்தின் உச்சம் 400 வோல்ட்டைத் தாண்டினால் சுவிட்சுகளோடு உள்ள டயோடுகள் வழியே மின்னோட்டம் டிசி பக்கம் திரும்பும். பேட்டரியை இணைக்கும் சுவிட்சான கான்டாக்டரும் திறந்திருந்தால் டிசி மின்தேக்கியின் மின்னழுத்தம் 400 வோல்ட்டைத் தாண்டி ஏறும். கேட் அணைந்தால் மின்னோட்டம் பூஜ்யம் என்று எழுதிய மாடலில் இது ஒருபோதும் தெரியாது. டயோடு நடத்தை உள்ள மாடலில்தான் கீழ் மூன்று சுவிட்சையும் மூடும் பாதுகாப்பு எத்தனை மைக்ரோ நொடியில் வருகிறது, அப்போது டி அச்சு மின்னோட்டம் காந்தத்தின் தாங்குதிறனுக்குள் நிற்கிறதா என்று அளக்க முடிந்தது.