ஒட்டுறதா, வெல்டு வைக்கிறதா?

கார் பாடியில தகரம் மாத்தும்போது, டோர் ஸ்கின், ரூஃப் ஸ்கின் மாதிரி மேல்தோல் தகரத்துக்குப் பேனல் பாண்டிங் (பசை வச்சு ஒட்டுறது) தாராளமாப் போதும். பில்லர் (கூரையைத் தாங்குற தூண்), சேஸிஸ் ரெயில் (அடியில பாரம் தாங்குற சட்டம்) பக்கம் பசையை மட்டும் நம்பாதீங்க.

0.8 மி.மீ தகரத்துல மிக் வெல்டிங்கை (கம்பி ஊட்டி வைக்கிற வெல்டு) நீளமா இழுத்தா சூட்டுல அலையடிக்கும், அப்புறம் மேடுபள்ளத்தை மறைக்கப் பட்டி மேல பட்டிதான். புள்ளி புள்ளியா, இடம் மாத்தி வைங்க.

பசை விட்டுப்போனா பெரும்பாலும் காரணம் அடித்தயாரிப்புதான். ரெண்டு தகரமும் ஒண்ணு மேல ஒண்ணு சுமார் 25 மி.மீ படியணும், ரெண்டு பக்கமும் 80 நம்பர் எமரியில தேய்ச்சு வெறும் தகரம் பளபளன்னு தெரியணும். இது ரெண்டு பாகம் கலந்து வர்ற பசை, நாசில்ல முதல்ல வர்றதைக் கழிச்சுடுங்க, கலவை சரியா இருக்காது. தேய்ச்ச இடம் முழுக்கப் பசை மூடணும். விட்ட இடத்துல துரு ஏறும். வச்ச பேனலைத் தூக்கிப் பார்க்காதீங்க, காத்து புகுந்துடும். நகர்த்தி மட்டும் சரிபண்ணுங்க. த்ரீ எம் கம்பெனியோட 08115 பசைன்னா 23 டிகிரியில வேலை நேரம் 90 நிமிஷம், கிளாம்ப் போட்டு வைக்க 4 மணி நேரம், முழுசா இறுக 24 மணி நேரம்.

இழுவையைத் தாங்குற பசை, ஓரத்துல உரிச்சா விட்டுடும். அதனால முனைகள்ல வெல்டு. ஜாயின்ட்டைப் பேனல் நடுவுல வைக்காதீங்க. கறுப்பு வண்டின்னா வெயில்ல கோடு அப்படியே தெரியும் (எத்தனை பட்டி போட்டாலும்).