அம்மாவின் கார்டு அம்மா கையில்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் என் அம்மாவுக்கு 60 வயது ஆனதும், சாஸா என்கிற அரசு சமூகநல நிறுவனம் தரும் முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப்போட்டோம். 2024 ஏப்ரலில் அது மாதம் 2,180 ரேண்டாக இருந்தது. ஐடி, மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட், முகவரிச் சான்று, அப்பாவின் இறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரே கவரில் வைத்து, விடியும் முன்பே வரிசையில் நில்லுங்கள். கைரேகை எடுப்பார்கள், அதனால் ஆள் நேரில் வரவேண்டும். முடிவு தாமதமானாலும் விண்ணப்பித்த தேதியிலிருந்தே பணம் கணக்காகும், ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.

தலைவலி வரிசையில் இல்லை, வீட்டில். "அம்மா கையில் காசு நிற்காது, பணம் வாங்குகிற ஆளாக என் பேரைப் போட்டுவிடலாம்" என்று அண்ணன் கவுன்டரிலேயே ஆரம்பித்துவிட்டார். ஆடி மாதம் தெருவுக்கே கூழ் ஊற்றுவது, வாரா வாரம் லோட்டோ சீட்டு, இதுதான் அம்மா மேல் அவர் சொல்லும் குறை. கவுன்டரில் இருந்த பெண் அண்ணனைப் பார்க்கவே இல்லை. "கோகோ (ஜூலு மொழியில் பாட்டி), உங்களால் வந்து வாங்க முடியாதா?" என்று அம்மாவிடம் கேட்டாள். "நடக்கவும் முடியும், எண்ணவும் தெரியும்" என்றார் அம்மா. அத்தோடு சரி.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அண்ணன் விடவில்லை. அமெரிக்காவில் உணவு உதவிக் கார்டில் மது, சிகரெட், சமைத்த சூடான சாப்பாடு எதுவும் வாங்க முடியாதாம், இங்கே மட்டும் காசை அப்படியே கையில் கொடுக்கிறார்களாம். அப்படியென்றால் அம்மா பீன்ஸ் வாங்கலாம், முட்டி வலிக்கிற நாளில் ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தரும் ஒரு பன்னி சௌ வாங்கக் கூடாது, அப்படித்தானே? நம் சட்டத்திலும் வழி இருக்கிறது: பணம் உண்மையிலேயே பாழாகிறது என்று தெரிந்தால் வேறொருவரை நியமிக்கலாம். கூழ் ஊற்றுவது அதில் சேராது. நாற்பது வருடம் தையல் ஃபாக்டரி சம்பளத்தில் எங்களை வளர்த்தவர், எது வீண் எது தேவை என்று அவருக்குத் தெரியாதா?

எனக்குப் பயம் வேறு. எங்கள் தெருவில் ஒரு பாட்டி உதவித்தொகை எடுக்கும் கார்டையும் பின் நம்பரையும் மஷோனிசாவிடம், அதாவது வட்டிக்குக் கடன் கொடுக்கிறவரிடம், கொடுத்துவிட்டு, மாசக் கடைசியில் பக்கத்து வீட்டில் அரிசி கேட்கிறார். கார்டைப் பிடித்து வைப்பது சட்டப்படி குற்றம், யாரும் கேட்பதில்லை. அதனால் அம்மாவிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: பின் நம்பர் யாருக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்.

அப்புறம், கணக்கில் வரும் தொகையையும் மாதாமாதம் பாருங்கள். ஈமச்சடங்குக் காப்பீட்டுக்கு மட்டும்தான், அதுவும் உதவித்தொகை வாங்குபவரே கையெழுத்துப் போட்டால்தான், 10 சதவீதத்துக்குள் நேரடியாகப் பிடிக்கலாம். வேறு ஏதாவது குறைந்திருந்தால் அன்றைக்கே போய்க் கேளுங்கள்.