தில்லை: பெயரில் நிற்கும் மரம்

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைகளாகத் ‘தில்லை’ என்று தொடங்கும் பெயர் ஒருவருக்காவது இருந்து வருகிறது. அந்தப் பெயரைச் சூட்டியவர்கள் கூத்தப்பெருமானை நினைத்தார்களே தவிர, ஒரு மரத்தை நினைத்துச் சூட்டவில்லை. நானும் அது சிதம்பரத்தின் இன்னொரு பெயர் என்ற அளவில்தான் அறிந்திருந்தேன். பிச்சாவரத்துக் கழியில் படகில் போனபோது, நீரின்மேல் சாய்ந்திருந்த ஒரு கிளையைப் பிடிக்கக் கை நீட்டினேன். “அது தில்லைங்க, ஒடிச்சா பால் வரும், கண்ணுல பட்டுடப் போகுது” என்று படகோட்டி தடுத்தார். எங்கள் வீட்டில் நாள்தோறும் கூப்பிட்ட பெயரின் முதற்பாதியை அன்றுதான் மரமாகக் கண்டேன்.

ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த இந்த மரத்தைத் தாவரவியலார் எக்ஸ்கோகேரியா அகல்லோச்சா என்கின்றனர். இதன் பால் தோலில் பட்டால் புண்ணாகும். கண்ணில் பட்டால் சில காலம் பார்வையே மங்கிவிடும். உப்புநீர்க் கழியின் ஓரத்தில், தரைப்பக்கம் ஒதுங்கி வளர்வது இதன் இயல்பு. கண்டல் மரங்களைப் போல இதற்குத் தாங்குவேர்கள் கிடையாது. வேர்கள் மண்ணின் மேற்பரப்பிலேயே பாம்புகளைப் போலப் பின்னிக்கொண்டு ஓடும். ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி. உதிரும் முன் இலைகள் சிவப்பேறுவதால், பச்சைக் காட்டுக்குள் தில்லையைத் தொலைவிலிருந்தே கண்டுகொள்ளலாம்.

சங்கப் புலவர்கள் இந்த மரத்தை அது நிற்கும் இடத்தோடு சேர்த்தே அறிந்திருந்தார்கள். நற்றிணையின் நெய்தல் பாட்டு ஒன்றில், கழியில் வாழும் நீர்நாய்க் குட்டி கொழுத்த மீனை உண்டுவிட்டுத் தில்லை மரச் செறிவுக்குள் படுத்துறங்குகிறது. ஐங்குறுநூற்றுத் தலைவி தன் ஊரைத் ‘தில்லை வேலி இவ்வூர்’ என்கிறாள். ஒரே அடியில் ஓர் ஊரின் எல்லையையே காட்டிவிடும் அந்தத் தொடர் எனக்கு மிகவும் பிடித்தமானது. தொட்டால் புண்ணாக்கும் மரத்தை வேலியாகக் கொண்ட ஊருக்குள் ஆடுமாடுகளும் அயலாரும் எளிதில் நுழைந்திருக்க மாட்டார்கள் என்று எண்ணிக்கொள்கிறேன். ஊரைச் சூழ்ந்து நிற்கும் மரத்தின் பெயரே ஊருக்கும் பெயராவதற்கு அங்கிருந்து ஒரு படிதான்.

சிதம்பரத்துக்குப் பெரும்பற்றப்புலியூர் என்றும் பெயருண்டு. சிற்றம்பலம் என்பது அங்குள்ள மன்றத்தைக் குறித்தது. புலியும் அம்பலமும் பெயர் தந்த ஊருக்குத் தில்லை மரமும் ஒரு பெயரைத் தந்தது. சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையைத் ‘தில்லைவாழ் அந்தணர்தம் அடியார்க்கும் அடியேன்’ என்றே தொடங்கினார். குலசேகர ஆழ்வார் அங்குள்ள திருமாலைத் ‘தில்லை நகர்த் திருச்சித்திரகூடம்’ என்று இடம் சுட்டிப் பாடினார். சைவமும் வைணவமும் ஒரே மரத்தின் பெயரால் அந்த ஊரை அழைத்திருக்கின்றன. ஊர்த் தெருக்களில் நான் நடந்த வரையில் அந்த மரம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கிழக்கே பிச்சாவரத்துக் காட்டுக்குப் போனால்தான் பார்க்க முடிகிறது.

தில்லை என்ற சொல்லைத் தாங்கிய மற்ற ஊர்களையும் வரைபடத்தில் தேடிப் பார்த்தேன். மயிலாடுதுறை மாவட்டத்தில் தரங்கம்பாடிக்கு அருகே தில்லையாடி இருக்கிறது. திருவாரூர் மாவட்டத்தில், அலையாத்திக் காடுகள் செறிந்த முத்துப்பேட்டைக்கு அருகே, கோதண்டராமர் கோயிலுக்குப் பெயர்பெற்ற தில்லைவிளாகம் இருக்கிறது. சிதம்பரத்தோடு சேர்த்து மூன்றும் ஒரே கடற்கரையை ஒட்டியவை. பெயரும் நிலமும் இவ்வளவு பொருந்துவதைத் தற்செயல் என்று என்னால் தள்ள முடியவில்லை. கடலை விட்டு வெகுதொலைவில் உள்ள திருச்சியின் தில்லை நகரை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பிற்காலக் குடியிருப்பின் பெயரை வைத்துக்கொண்டு மரம் நின்ற இடத்தைத் தேடுவது தவறாகும்.

மனிதரிடம் வந்தபின் பெயர் மரத்தை விட்டு இன்னும் தொலைவுக்குப் போய்விடுகிறது. தில்லைநாயகம், தில்லைநாதன், தில்லையம்பலம், தில்லைநாயகி என்று தமிழகத்திலும் ஈழத்திலும் வழங்கும் பெயர்களில் மரம் ஊராகி, ஊர் இறைவனாகி, இறைவன் பெயர் பிள்ளைக்கு வந்திருக்கிறது. தில்லையாடி வள்ளியம்மை கதை வேறு. அவர் பிறந்ததும் வளர்ந்ததும் தென்னாப்பிரிக்காவில். 1913-இல் காந்தியடிகள் அங்கே நடத்திய அறப்போரில் கலந்துகொண்டு சிறை சென்று, விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரியில், பதினாறு வயதில் நோயால் இறந்தார். தாயின் ஊர்ப்பெயரே அவர் பெயருக்கு முன்னால் நிலைத்துவிட்டது. காந்தியடிகள் 1915-இல் தில்லையாடிக்கு வந்தார். கழியோரத்து மரமொன்றின் பெயர் கடல் கடந்து வாழ்ந்த ஒரு பெண்ணின் அடையாளமாக நிற்பதை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது.

எங்கள் வீட்டில் இப்போது அந்தப் பெயரைத் தாங்குபவன் என் அண்ணன் மகன், ஏழு வயது. பள்ளியில் பெயருக்குப் பொருள் எழுதி வரச் சொன்னபோது ‘சிதம்பரம்’ என்று மட்டும் எழுதினான். இலைகள் சிவக்கும் பருவத்தில் அவனைப் பிச்சாவரத்துக்கு அழைத்துப்போகப் போகிறேன். கிட்டே போய்ப் பார்க்கலாம், தொடக்கூடாது என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.