நான்கு மணி நேர வித்தியாசம்

மார்ச் மாதத்தில் இரண்டு மூன்று வாரங்கள் மட்டும் லண்டன் எனக்கு ஒரு மணி நேரம் கிட்ட வந்துவிடும். நான் இருக்கும் அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறே கடிகாரத்தை முன்னால் தள்ளிவிடுவார்கள். பிரிட்டனில் அது கடைசி ஞாயிறுதான். அதுவரைக்கும் ஐந்து மணி நேர வித்தியாசம் நான்காகக் குறைந்திருக்கும். காலை ஏழு மணிக்குத் தொடங்கும் என் ஷிஃப்ட் இரவு ஏழரைக்கு முடியும்போது லண்டன் ஈஸ்ட் ஹாமில் பன்னிரண்டரை, அம்மா தூங்கியிருப்பார். இந்த வாரங்களில் அங்கே பதினொன்றரை. எனக்காகக் கண்விழித்திருந்து போனை எடுப்பார். வருடம் முழுக்க நான் காத்திருப்பது இந்த வாரங்களுக்காகத்தான்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1987இல் ஐந்து வயதில் லண்டன் வந்தவள். படித்தது, தாதியானது, பதினான்கு வருடம் அவசர சிகிச்சைப் பிரிவில் நின்றது எல்லாம் அங்கேதான். கணவருக்கு ஆராய்ச்சி வேலை கிடைத்ததால் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகருக்கு வந்தோம். இங்கே தாதியாக வேலை செய்வதற்கான என்கிளெக்ஸ் தேர்வை எழுதி, ஒரு வைத்தியசாலையில் அதே அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தேன். பேசுவது அதே ஆங்கிலம், செய்வது அதே வேலை, பிறகென்ன என்றுதான் நினைத்தேன்.

முதல் மாதத்தில் ஓர் ஆஸ்துமா நோயாளிக்காக மருந்தகத்தை அழைத்து சால்பியூட்டமால் கேட்டேன். மறுமுனையில் அமைதி. இன்னொரு முறை சொன்னேன். "அப்படியொரு மருந்து எங்களிடம் இல்லையே" என்றார்கள். இருந்தது, அல்பியூட்டரால் என்ற பெயரில். பாராசிட்டமால் இங்கே அசிட்டமினோஃபென். அட்ரினலின் இங்கே எபிநெஃப்ரின். ஒன்று லத்தீன், மற்றது கிரேக்கம், இரண்டுமே சிறுநீரகத்தை ஒட்டி இருப்பதைக் குறிப்பவைதான். அளக்கும் அலகும் வேறு, இரத்தச் சர்க்கரை லண்டனில் 6 என்றால் இங்கே 108. நான் பல மாதங்கள் மனதுக்குள் பதினெட்டால் வகுத்துத்தான் ஒரு நோயாளியைப் புரிந்துகொண்டேன். 4/5 என்று எழுதினால் அங்கே மே நான்கு, இங்கே ஏப்ரல் ஐந்து. மருந்துச் சீட்டில் இது விளையாட்டல்ல. இப்போதும் மாதத்தை எழுத்தில்தான் எழுதுகிறேன்.

இதையெல்லாம் படித்துக்கொள்ளலாம். பேச்சின் தொனியைப் படிப்பதுதான் கஷ்டம். லண்டனில் எதிரே வருபவரிடம் "ஓல்ரைட்?" என்று கேட்டால் அது வெறும் வணக்கம், பதிலும் "ஓல்ரைட்" தான். இங்கே தினமும் காலையில் ஒரு சக தாதியிடம் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவர் என்னைத் தனியாக அழைத்து, "நான் நோயாளி மாதிரித் தெரிகிறேனா? ஏன் தினமும் கேட்கிறீர்கள்?" என்றார். உண்மையாகவே கவலைப்பட்டிருக்கிறார். மூன்றாவது மாத மதிப்பீட்டில் பொறுப்பாளர் என் வேலையை "குவைட் குட்" என்று சொன்னபோது அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிரிட்டனில் அதற்கு அர்த்தம் பரவாயில்லை, இன்னும் முயற்சி செய் என்பது. அடுத்த வாரமே புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். இங்கே அதற்கு ரொம்ப நல்லது என்று அர்த்தமாம்.

தேத்தண்ணி விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. ஓய்வறையில் கெட்டில் இல்லை, தண்ணீரை மைக்ரோவேவில் சுடவைக்கிறார்கள். நான் ஒன்று வாங்கி வைத்தேன். இங்கே மின்சாரம் 120 வோல்ட், பிரிட்டனில் 230. அதனால் இங்கத்தைய கெட்டிலுக்குச் சக்தி பாதிதான், கொதிக்க ஏறக்குறைய இரட்டிப்பு நேரம். எனக்குக் குடிக்க இல்லையே என்பதைவிட வேறொரு குறைதான் பெரிதாக இருந்தது. லண்டனில் ஒரு குடும்பத்தை உறவினர் அறையில் உட்காரவைத்து, உங்கள் ஆளைக் காப்பாற்ற முடியவில்லை என்று டொக்டர் சொன்ன பிறகு, நாங்கள் தேத்தண்ணி போட்டுக்கொண்டு போவோம். அவர்கள் குடிக்கமாட்டார்கள், கோப்பையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் ஒரு தாதியின் கைக்குச் செய்ய ஒரு வேலை இருந்தது. இங்கே அப்படி நின்ற முதல் இரவில் என் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பிறகு லொக்கரில் தேயிலைப் பைகள் வைத்துக்கொண்டேன். ஒருநாள் கணவரை இழந்த ஒரு பெண்ணுக்குப் போட்டுக் கொடுத்தேன். அவரும் குடிக்கவில்லை, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். சில வாரம் கழித்து ஓர் இளம் சக ஊழியர் வேகமாக வந்து, "உங்கள் தேயிலை எங்கே? உறவினர் அறையில் ஒரு தாய் இருக்கிறார்" என்றார். சாவியைக் கொடுத்தேன்.

ஊர் ஏக்கம் என்றால் மழையும் பஸ்ஸின் மேல்தட்டும் நினைவுக்கு வருவது என்று நினைத்திருந்தேன். வருவதுதான். ஆனால் என்னை உலுக்கியது வேறு.

ஒருநாள் விடிய நெஞ்சுவலியோடு ஒருவர் வந்தார். அறுபத்து மூன்று வயது. அம்புலன்ஸை அழைக்காமல் இரண்டு மணி நேரம் பொறுத்திருந்து, பக்கத்து வீட்டுக்காரரின் காரில் வந்திருக்கிறார். ஈசிஜி எடுத்து, ஒரு இரவு தங்கவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டுப் போனதும் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "இதற்கு எவ்வளவு ஆகும்?" பதினான்கு வருடத்தில் எந்த நோயாளியும் என்னிடம் கேட்காத கேள்வி. எனக்கு விடை தெரியவில்லை. பக்கத்தில் நின்ற யாருக்கும் தெரியவில்லை. காப்புறுதியைப் பொறுத்தது என்றார்கள். பணம் இருக்கிறதோ இல்லையோ, அவசரமாக வருகிறவரைப் பரிசோதித்து ஆபத்து நீங்கும்வரை பார்க்கவேண்டும் என்று இங்கே 1986இலேயே சட்டம் இருக்கிறது. அதனால் நாங்கள் பார்ப்போம். பில் பின்னால் வரும். அறுபத்தைந்தானால் மெடிக்கேர் என்ற அரச மருத்துவக் காப்புறுதி கிடைக்கும் என்று அவர் கணக்கு வைத்திருந்தார். "இன்னும் ஒன்றரை வருடம் இந்த நெஞ்சு தாங்கினால் போதும்" என்றார். மகள் வந்து பேசிய பிறகுதான் தங்கச் சம்மதித்தார்.

அன்று காரில் ஏறியும் ஓட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்கு லண்டனில் பைபாஸ் நடந்தபோது நாங்கள் கட்டிய ஒரே காசு கார் நிறுத்தக் கட்டணம். அதைக்கூட அம்மா அநியாயம் என்றார். 1948 ஜூலை 5ஆம் திகதி தொடங்கிய என்எச்எஸ் என்ற பிரிட்டனின் அரச மருத்துவ சேவையைப் பற்றி நான் பாடத்தில் படித்திருக்கிறேன், அதற்குள்ளேயே வேலை செய்திருக்கிறேன். ஆனால் விலையைக் கேட்காமல் நோயாளியாக இருக்கலாம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தக் கார் நிறுத்துமிடத்தில்தான் புரிந்தது. இங்கே என்னோடு நிற்பவர்கள் கெட்டிக்காரர்கள், மனம் நிறைந்தவர்கள். அவர்களுக்கும் அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் நிற்பதுதான் எனக்கு வலிக்கிறது.

அது மார்ச் மாதம். அம்மாவை அழைத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏன் பிள்ளை, அம்புலன்ஸுக்கும் காசோ?" என்று கேட்டார்.

எங்கள் ஈஸ்ட் ஹாம் சமையலறையில் இரண்டு மணிக்கூடுகள் இருக்கின்றன. ஒன்று லண்டன் நேரம். மற்றது நாங்கள் வந்த வருடத்திலிருந்து யாழ்ப்பாண நேரம். ஊருக்குப் போன் எடுக்க வழியில்லாத காலத்திலும் அம்மா அதைப் பார்த்து, "இப்ப அங்க விடியுது" என்பார். சின்ன வயதில் எனக்கு அது புரிந்ததே இல்லை. நான் அமெரிக்கா வந்த பிறகு முதல் விடுமுறையில் போனபோது பார்த்தேன், அந்த இரண்டாவது மணிக்கூடு கொலம்பஸ் நேரம் காட்டிக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த வருடம் மார்ச் கடைசிச் சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து காரிலிருந்து அழைத்தேன். கொட்டாவி விட்டுக்கொண்டே பேசினார். அப்புறம் வைக்கப்போகும்போது கேட்டார்:

"இண்டைக்கு ராத்திரி இங்க நேரம் மாறுது பிள்ளை. உன்ர மணிக்கூட்டைத் தொடவேண்டாம்தானே?"

"தொடவேண்டாம் அம்மா. அது சரியாத்தான் இருக்கு."