ஏரியை வலப்பக்கம் வைத்து ஓடுங்கள்: மலையில் கூட்டமாக ஓடுபவர்களுக்கு

நுழைவுக் கட்டணம் கிடையாது, பரிசு கிடையாது, யார் வேண்டுமானாலும் வந்து ஓடலாம் என்று அறிவிக்கும் ஓட்டங்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. வந்தவர்கள் யார், அவர்களுக்கு உடம்புக்கு என்ன, எந்த மருந்து சாப்பிடுகிறார்கள் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. மதுரையிலோ கோவையிலோ ஒருவர் ஓட்டத்தைப் பாதியில் விட்டு ஆட்டோ ஏறி வீட்டுக்குப் போய்விட்டால் பெரிய பிரச்சினை இல்லை. கொடைக்கானலில் மூடுபனி இறங்கிய காலையில் அதே ஆள் சொல்லாமல் போனால், நாலு தன்னார்வலர்கள் ஏரியைச் சுற்றித் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அதனால் முதல் வேலை எண்ணிக்கை. 2004 அக்டோபர் 2 அன்று லண்டன் புஷி பார்க்கில் 13 பேரோடு தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கும் பார்க்ரன் ஓட்டங்களில், முடிப்பவர்களுக்கு வரிசைப்படி எண் போட்ட ஒரு வில்லை கொடுப்பார்கள். எல்லாருக்கும் பின்னால் ஒரு தன்னார்வலர் நடந்தே வருவார். அவரைத் தாண்டி யாரும் பின்தங்க முடியாது என்பதால், அவர் வந்து சேர்ந்தால் பாதை காலி என்று அர்த்தம். நம் ஊரில் இதைச் செய்ய நூறு அட்டை வில்லைகளும் ஒரு நோட்டும் போதும். தொடக்கத்தில் ஒருவர் தலை எண்ண வேண்டும், கடைசியில் கொடுத்த வில்லைக் கணக்கோடு அது ஒத்துப்போக வேண்டும். புறப்பட்ட பிறகு ஓடி வந்து சேர்ந்துகொள்பவர்களையும் கூட்டிக்கொள்ள வேண்டும். கணக்கு இடிப்பது பெரும்பாலும் இவர்களால்தான். பாதியில் விலகுபவர், வழியில் நிற்கும் தன்னார்வலரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அவர் உடனே தொடக்க இடத்துக்குப் போன் போட வேண்டும். ஏரியின் சில திருப்பங்களில் சிக்னல் விட்டு விட்டு வரும், ஆகவே எந்த இடத்தில் எந்த சிம் எடுக்கிறது என்று முந்தைய நாளே பார்த்து வைப்பது நல்லது.

அடுத்தது திசை. பிரையண்ட் பூங்கா பக்கம் தொடங்கி ஏரியை ஒரு சுற்று வந்தால் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். கடிகாரம் சுற்றும் திசையில் ஓடுங்கள், அதாவது ஏரி வலக்கைப் பக்கம் இருக்கட்டும். நம் ஊரில் வண்டி இடப்பக்கம் போவதால், ஏரிக்கரையோரம் ஓடும் உங்களுக்கு வண்டி எதிரே வரும், கண்ணுக்குத் தெரியும். கிளைச்சாலைகள் எல்லாம் வெளிப்பக்கத்தில் வந்து சேர்வதால் அவற்றைக் கடக்கவும் வேண்டாம். படகுக் குழாம் வாசல் மட்டும் விதிவிலக்கு; வாடகைச் சைக்கிளும் குதிரையும் அங்கேதான் நிற்கும். குதிரையைப் பின்னாலிருந்து உரசிக்கொண்டு தாண்டக் கூடாது. இரண்டு ஆள் நீளம் விலகி, குதிரைக்காரருக்குக் குரல் கொடுத்துவிட்டுத் தாண்டுங்கள். சீசனில் போலீஸ் சாலையை ஒருவழியாக்கினால் ஓடும் திசையையும் மாற்றிக்கொள்ளுங்கள். வண்டி எதிரே வர வேண்டும் என்பதுதான் விதி. இருவருக்கு மேல் பக்கவாட்டில் சேர்ந்து ஓடாதீர்கள். காதில் இயர்போன் வேண்டவே வேண்டாம்.

கீழிருந்து வருபவர்கள் ஏமாறுவது காற்றில். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். குளிர்ந்த காற்று சுகமாக இருப்பதால் முதல் கிலோமீட்டரில் கால் தானாக வேகம் எடுக்கும், இரண்டாவதில் மூச்சு முட்டும். சமவெளியில் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் ஓடுபவர் இங்கே முதல் கிலோமீட்டரை 7 நிமிடத்தில் ஓடினால் சரியாக இருக்கும். முழு வாக்கியம் ஒன்றை நிறுத்தாமல் பேச முடிகிறதா என்று பாருங்கள், முடியவில்லை என்றால் நடங்கள். ஒரு ராத்திரி மேலே தங்கிவிட்டு ஓடுவது நல்லது. விடிகாலையில் வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறி வந்து, வளைவு வாந்திக்கு அவோமின் போட்டுக்கொண்டு நேரே ஓட நிற்பவர்களும் உண்டு. அந்த மாத்திரை தூக்கக் கலக்கம் தரும். அன்று நடந்தால் போதும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் குளிர்காற்று இழுப்பைக் கிளப்பும், இன்ஹேலர் பையில் அல்ல, கையில் இருக்க வேண்டும்.

குன்னூர் சிம்ஸ் பூங்கா, ஊட்டி தாவரவியல் பூங்கா மாதிரிச் சரிவான இடம் என்றால் கதை வேறு. ஏற்றத்தில் யாரும் விழுவதில்லை, இறக்கத்தில்தான் விழுகிறார்கள். நீட்டி எடுத்து வைக்கும் அடி குதிகாலில் இறங்கி, முழங்காலில் பிரேக் போட்ட மாதிரி இடிக்கும். அடியைச் சுருக்குங்கள், முழங்காலை லேசாக மடக்கியே வையுங்கள், பார்வை மூன்று நாலு மீட்டர் முன்னால் தரையில் இருக்கட்டும். ஷூவில் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இல்லையென்றால் இறக்கத்தில் நகம் கறுத்துப் போகும். அடிப்பக்கம் தேய்ந்து வழவழப்பான பழைய ஷூவை மலைக்குக் கொண்டுவராதீர்கள். நிழலில் இருக்கும் கல்படி, பாசி பிடித்த சிமெண்ட் விளிம்பு, மழையில் நனைந்த யூகலிப்டஸ் இலை, பைன் ஊசி இவற்றில் எல்லாம் சறுக்கும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்த புல்வெளி வெயில் படும்வரை கண்ணாடிதான். அந்த மாதங்களில் தொடக்க நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

காட்டுமாட்டைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். கொடைக்கானலிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் அது குடியிருப்புக்குள்ளேயே மேய்கிறது. தினமும் பார்க்கிறோம் என்ற பழக்கத்தில் பயம் விட்டுப்போவதுதான் ஆபத்து. வளர்ந்த ஆண் மாடு ஒரு டன் எடைவரை இருக்கும். சாதுவாகப் புல் மேயும் மாடு தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி விறைப்பாக நின்று காட்டினாலோ, மூக்கால் சீறினாலோ, அது எச்சரிக்கை. ஓடாதீர்கள், முகத்தை அதன் பக்கம் வைத்தபடியே மெதுவாகப் பின்வாங்கி, சுவருக்கோ நிறுத்தியிருக்கும் வண்டிக்கோ பின்னால் போய்விடுங்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் சிக்கக் கூடாது. கல் எறிவது, விசில் அடிப்பது, செல்போனைத் தூக்கிப் பிடித்து நெருங்குவது எல்லாம் அடுத்தவர் உயிரோடு விளையாடுவது. நூறு பேர் ஓடும்போது முன்னால் போனவர்கள் விரட்டிய மாடு பின்னால் வருபவர்கள் மேல்தான் பாயும். நடத்துபவர்கள் அரை மணி நேரம் முன்னால் பாதையை ஒரு முறை முழுக்கப் பார்த்துவர வேண்டும். பாதையில் மாடு நின்றால் வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, காத்திருங்கள் அல்லது அன்றைக்கு விட்டுவிடுங்கள். ஓட்டம் நடுவில் இருக்கும்போது வந்துவிட்டால், அந்தப் பக்கத் தன்னார்வலர் எல்லாரையும் வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டால், திருப்பும்போது யாரும் நேரம் போகிறதே என்று தகராறு செய்ய மாட்டார்கள். நீலகிரியில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய பாதை என்றால் கரடி நடமாட்டமும் உண்டு, நன்றாக வெளிச்சம் வந்த பிறகே தொடங்குங்கள்.

மூன்றாவது மின்கம்பம் கண்ணுக்குத் தெரியாத அளவு பனி என்றால் ஓட்டம் இல்லை. மின்னல் வெட்டி 30 விநாடிக்குள் இடி கேட்டால் உள்ளே போய்விடுங்கள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுங்கள்.

உடை விஷயத்தில் ஒரே கணக்குதான்: நிற்கும்போது லேசாகக் குளிர வேண்டும், அப்போதுதான் ஓடும்போது சரியாக இருக்கும். பருத்தி பனியன் வியர்வையைப் பிடித்துக்கொண்டு, நின்றவுடன் நடுங்க வைக்கும்; சீக்கிரம் காயும் துணி நல்லது. தண்ணீர் அரை மணி முன்னால் ஒரு டம்ளர் போதும், 5 கிலோமீட்டருக்கு நடுவில் தேவைப்படாது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சிறிய பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டில் எடுத்துவாருங்கள். பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், குரங்கு பறித்துக்கொள்ளும். அது கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாய்க்கடிக்கும் இதேதான்.

பார்க்ரன்னில் 11 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் பெற்றோர் கைக்கெட்டும் தூரத்தில் ஓட வேண்டும் என்பது விதி. தண்ணீரை ஒட்டிய பாதைக்கு அது இன்னும் பொருத்தம்.

நெஞ்சில் இறுக்கம், தாடையிலோ இடது கையிலோ வலி, கண் இருட்டு இவற்றில் எது வந்தாலும் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். "கொஞ்ச தூரம்தானே" என்று முடிக்கப் பார்க்காதீர்கள். விழுந்தவர் அசையவில்லை, சரியாக மூச்சும் விடவில்லை என்றால் ஒருவர் 108-ஐ அழைக்கட்டும், இன்னொருவர் நெஞ்சின் நடுவில் 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தட்டும். 108-இல் "ஏரிக்கரை" என்று மட்டும் சொன்னால் 5 கிலோமீட்டரில் எங்கே என்று தேடுவார்கள். ஒவ்வொரு தன்னார்வலரும் தான் நிற்கும் இடத்துக்கு அருகில் உள்ள ஓட்டல் அல்லது கட்டிடத்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும். பூங்காவுக்குள் ஓடுவதானால் தோட்டக்கலைத் துறையிடம் அனுமதி வாங்கும்போதே, வண்டி நுழையும் பெரிய கேட்டின் சாவி அன்று காலை யார் கையில் இருக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கேட் பூட்டியிருந்தால் ஆம்புலன்ஸ் வாசலிலேயே நின்றுவிடும்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் சட்டென்று நிற்காதீர்கள். காலில் தேங்கிய ரத்தம் மேலே ஏறுவதற்குள் தலை சுற்றும். வரிசை மாறாமல் நடந்து வில்லையை வாங்கிக்கொண்டு, ஐந்து நிமிடம் நடந்து, ஈர பனியனை மாற்றுங்கள். வண்டி ஓட்டிக் கீழே இறங்கப் போகிறவர் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்பட்டும். மலைப்பாதையில் பிரேக் மிதிக்கும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் வண்டியை ஓரங்கட்ட இடம் கிடைக்காது.