கான்யூருக்குப் பழம் பழக்கியது

எங்கள் வீட்டில் இருப்பது சன் கான்யூர் என்ற வெளிநாட்டுக் கிளி. (பச்சைக்கிளி ஏன் வளர்க்கவில்லை என்று கேட்பவர்களுக்கு: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது கூடாது.) வந்த புதிதில் சூரியகாந்தி விதையைத் தவிர எதையும் தொடாது. அதில் கொழுப்புதான் அதிகம், வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம். அதனால் பப்பாளியில் ஆரம்பித்தேன்.

கிண்ணத்தில் துண்டைப் பார்த்ததும் கூண்டின் மறுமூலைக்கு ஓடிவிட்டது. சரி என்று கூண்டருகே உட்கார்ந்து நானே சாப்பிட்டேன். கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்படியே கொஞ்ச நாள் போனது. அப்புறம் ஒருநாள் என் விரலிலிருந்தே பிடுங்கிக்கொண்டது.

மாதுளைக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. முத்தை ஒரு காலில் பிடித்து, அலகால் நசுக்கி, சாற்றை மட்டும் உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் தலையை உதறி வீசும். பக்கத்துச் சுவர் முழுக்கச் சிவப்புப் புள்ளி.

பழம் தின்ற அன்று எச்சத்தில் தண்ணீர் அதிகம் இருக்கும். கெட்டிப் பகுதி கரையாமல் சுற்றி நீர் மட்டும் இருந்தால் அது பழத்தின் நீர்தான், வயிற்றுப்போக்கு இல்லை. பழம் நிறுத்தியும் மறுநாள் அப்படியே இருந்தாலோ, இறகைச் சிலிர்த்துக்கொண்டு சோர்ந்து உட்கார்ந்தாலோ மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

பழத்தில் சர்க்கரை நிறைய. எனவே மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கொடுப்பதில்லை. மீதி பெல்லட் (கடையில் விற்கும் பறவைத் தீனிக் குருணை), முருங்கைக்கீரை, கேரட். காலையில் வைத்ததை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுகிறேன். வெயில் காலத்தில் அதற்கு முன்பே ஈ மொய்த்துவிடும்.

ஆப்பிளை விதையும் நடுத்தண்டும் நீக்கித்தான் தருகிறேன். விதையைக் கடித்தால் சயனைடு வெளிப்படும். திராட்சையை நன்றாக அலசிய பிறகே. பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) மட்டும் அறவே கூடாது: அதிலுள்ள பெர்சின் என்ற நச்சு பறவையின் இதயத்தைத் தாக்கும், உயிரே போகலாம். மில்க்‌ஷேக் அடித்த மிக்சி ஜாரைக்கூட அது பறக்கும் இடத்தில் வைப்பதில்லை.

பச்சை மிளகாயை மட்டும் ஆசையாகத் தின்னும். பறவைகளுக்குக் காரம் உறைக்காது.

அடுத்து சீத்தாப்பழம் கொடுக்கலாமா என்று யோசித்தேன். பேன் சாக அதன் விதையைத்தான் அரைத்துத் தலையில் தேய்ப்பார்கள், அவ்வளவு நஞ்சு. பெரும்பாலான சுளைகளில் ஒரு விதை, ஒன்று தப்பினாலும் வம்பு. அதற்குப் பதில் கொய்யா வாங்கி வைத்திருக்கிறேன்.